தடிப்பு வந்தது, காப்பு வரவில்லை

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில் 1968இல் ஒரு காசநோய்த் தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து அதை நடத்தின. கைக்குழந்தை முதல் முதியவர் வரை 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. பிரெஞ்சு வகை, டேனிஷ் வகை என இரண்டு பி.சி.ஜி. தடுப்பூசிகள்; ஒவ்வொன்றிலும் 0.1 மி.கி., 0.01 மி.கி. என இரண்டு அளவு. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. பிறகு 15 ஆண்டுகள் விடாமல் கண்காணித்தார்கள். காசநோய்த் தடுப்பூசிக்காக அதுவரை உலகில் நடந்தவற்றில் இதுவே மிகப் பெரிய சோதனை.

தொடக்கத்தில் காசநோய்க் கிருமி தொற்றிய அடையாளம் இல்லாதிருந்த 1,09,873 பேரில் 560 பேருக்கு அந்த 15 ஆண்டுகளில் நோய் வந்தது. பி.சி.ஜி. போட்ட பெரியவர்களுக்கும் வெறும் ஊசி போட்ட பெரியவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. குழந்தைகளிடம் 27 சதவீதப் பாதுகாப்பு தெரிந்தது. ஆனால் அந்தக் கணக்கின் நம்பக எல்லை, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வரம்பு, மைனஸ் 8இல் தொடங்கி 50 வரை போகிறது. அதாவது பூஜ்யமாகவும் இருக்கலாம்.

ஊசிமருந்து கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. போட்ட இரண்டரை மாதத்தில் தோல் சோதனை செய்தபோது பி.சி.ஜி. பெற்றவர்களின் கையில் நல்ல தடிப்பு வந்தது. உடல் ஊசியைப் பார்த்திருக்கிறது, நினைவில் வைத்திருக்கிறது, எதிர்வினை காட்டியிருக்கிறது. இரண்டரை ஆண்டில் அந்தத் தடிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது என்பது வேறு கதை. எதிர்ப்பு தெரிந்த முதல் ஆண்டுகளில்கூட பாதுகாப்பு தெரியவில்லை என்பதுதான் சிக்கல். 1950களில் பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதினருக்கு இதே பி.சி.ஜி. போட்டபோது முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு கிடைத்தது. அங்கே காத்த ஊசி இங்கே ஏன் காக்கவில்லை?

காசநோய் எதிர்ப்பாற்றல் ஆராய்ச்சி கடந்த இருபது ஆண்டுகளாக இந்தக் கேள்வியைத்தான் வேறு வேறு வடிவில் சுற்றிவருகிறது. உடலில் எதிர்ப்பு இருக்கிறது என்று அளந்து காட்டுவது எளிது. அந்த எதிர்ப்பு ஆளைக் காக்குமா என்பதற்கு இன்றுவரை நம்பகமான அளவுகோல் கிடையாது. மருத்துவர்களும் நோயாளிகளும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் சோதனைக் காகிதத்தைப் பார்த்து வீண் பயமும் வீண் நிம்மதியும் வருகின்றன.

செங்கல்பட்டுத் தோல்விக்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு வலுவாகத் தோன்றுபவை இரண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுகள் ஏராளம். வெப்பமண்டலத்தில் இன்னும் அதிகம். சோதனை நடந்த பகுதியில் பதின்ம வயதைத் தொடுவதற்குள் பெரும்பாலோரின் உடல் அவற்றைச் சந்தித்துப் பழகியிருந்தது. உயிருள்ள பி.சி.ஜி. உடலில் சற்றுப் பெருகினால்தான் வேலை செய்யும். முன்பே பழகிய எதிர்ப்பாற்றல் அதைப் பெருக விடாமல் அழித்துவிடலாம். அல்லது, பி.சி.ஜி. தரக்கூடிய அளவு பாதுகாப்பை அந்த உறவுக் கிருமிகளே ஏற்கெனவே தந்திருக்கலாம். ஊசியால் கூடுதலாகச் சேர்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. இரண்டாவது விளக்கம் கிருமியைப் பற்றியது. தென்னிந்தியாவில் அதிகம் உலவுவது முதல் மரபுவழி என்று வகைப்படுத்தப்பட்ட பழைய கிளை. 1960 வாக்கில் சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, அவற்றில் பல பிரிட்டிஷ் கிருமிகளைவிட வீரியம் குறைந்தவையாக இருந்தன. மெதுவாக வேலை செய்யும் கிருமி, பழகிப்போன உடல்: பிரிட்டனில் இந்த இரண்டுமே இல்லை.

பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுவது சரிதான். மூளை உறைக் காசநோய், உடல் முழுதும் பரவும் மிலியரி வகை ஆகியவற்றிலிருந்து அது சிறு குழந்தைகளைக் காக்கிறது. வளர்ந்தவரின் நுரையீரல் என்று வரும்போதுதான் பேச்சு மாறுகிறது.

கையில் ஒரு தடிப்பு, குழாயில் ஒரு எண்

மாண்டோ சோதனை எளிமையாகத் தெரியும். தவறு நடக்க நிறைய இடம் உள்ள சோதனை அது. பி.பி.டி. என்ற புரதக் கலவையில் 0.1 மி.லி.யை முன்கையின் உட்புறத்தில், தோலுக்குள்ளேயே, 26 அல்லது 27 கேஜ் ஊசியால் செலுத்த வேண்டும். உடனே 6 முதல் 10 மி.மீ. அகலத்தில் வெளிறிய கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மருந்து தோலுக்குக் கீழே போய்விட்டது; சில செ.மீ. தள்ளி மறுபடி போட வேண்டும். பி.பி.டி. ஒளியில் கெடும், குப்பியின் சுவரிலும் சிரிஞ்சின் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். காலையிலேயே பத்து சிரிஞ்சில் நிரப்பி வைத்துவிட்டு மதியம்வரை போட்டுக்கொண்டிருந்தால், கடைசி ஆட்களுக்குப் போவது நீர்த்த மருந்து.

48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். அளக்க வேண்டியது தொட்டால் உணரும் தடிப்பை, சிவப்பை அல்ல. கையின் நீளவாக்கில் அல்லாமல் குறுக்குவாக்கில் அளக்க வேண்டும். பொதுவாக 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 மி.மீ. போதும். இரண்டு நாள் காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. முன்பு இந்தப் புரதத்தைச் சந்தித்த நினைவு டி செல்கள் (ஒரு வகை வெள்ளையணு) ரத்தத்திலிருந்து அந்த இடத்துக்கு வந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் புரதத்தைச் சுரந்து, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களை வரவழைக்க அவ்வளவு நேரம் ஆகிறது. தொற்று ஏற்பட்டு முதல் 2 முதல் 8 வாரங்களுக்குள் செய்தால் அந்த நினைவே இன்னும் உருவாகியிருக்காது. தட்டம்மை, கடுமையான ஊட்டக்குறைவு, ஸ்டீராய்டு மாத்திரை இருந்தாலும் தடிப்பு வராமல் போகலாம். முற்றிய காசநோயே தடிப்பை அணைத்துவிடுவதும் உண்டு.

பி.பி.டி.யில் உள்ள பல புரதங்கள் பி.சி.ஜி.யிலும் மண் கிருமிகளிலும் இருக்கின்றன. அதனால் யாரைப் பார்த்துத் தடிக்கிறது என்று மாண்டோவால் பிரித்துச் சொல்ல முடியாது. இதற்குத் தீர்வு, 1908 முதல் 1921 வரை கால்மெட், குவெரின் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 முறை வளர்ப்பு ஊடகம் மாற்றி மாற்றிச் சாதுவாக்கியதிலேயே இருந்தது. அந்த வழியில் கிருமி ஆர்.டி.1 என்ற மரபணுத் துண்டை இழந்தது. இசாட்-6, சி.எஃப்.பி-10 என்ற புரதங்கள் அந்தத் துண்டில்தான் இருக்கின்றன. இந்த இரண்டை மட்டும் காட்டி உடல் எதிர்வினை செய்தால், அது பி.சி.ஜி.யின் வேலையாக இருக்க முடியாது.

இக்ரா ரத்தச் சோதனை இதை வைத்துத்தான் இயங்குகிறது. இன்று பரவலாக உள்ள வகையில் நான்கு குழாய்கள். ஒவ்வொன்றிலும் 1 மி.லி. ரத்தம். ஒன்று வெறும் குழாய், இரண்டில் காசநோய்ப் புரதத் துணுக்குகள், நான்காவதில் எந்த டி செல்லையும் உசுப்பும் மைட்டோஜென். புரதம் குழாயின் உட்சுவரில் பூசப்பட்டிருப்பதால் பத்து முறை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். முரட்டுத்தனமாகக் குலுக்கினால் உள்ளேயுள்ள ஜெல் உடைந்து அளவு தாறுமாறாகும். ஆட்டாமல் விட்டால் ரத்தம் புரதத்தைத் தொடாது. எடுத்த 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்து, 16 முதல் 24 மணி நேரம் விட வேண்டும். பிறகு இன்டர்ஃபெரான் காமா எவ்வளவு சுரந்தது என்று அளக்கிறார்கள். வெறும் குழாயின் அளவைக் கழித்தபின் மி.லி.க்கு 0.35 அலகு, கூடவே வெறும் குழாயின் அளவில் 25 சதவீதம்: இரண்டையும் தொட்டால் பாசிட்டிவ். ஒருவருக்கு 0.31, அடுத்த மாதம் 0.40 என்று வந்தால் அவருக்குப் புதிதாகத் தொற்றியது என்று பொருளல்ல. 0.2க்கும் 0.7க்கும் இடைப்பட்ட எண்கள் மறுமுறை பார்க்கையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவும். மைட்டோஜென் குழாயே எழவில்லை என்றால் முடிவு ‘தீர்மானிக்க முடியவில்லை’ என்று வரும். அதை நெகட்டிவ் என்று படிப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அந்த ரத்தத்தின் டி செல்கள் எதற்கும் பதில் சொல்லவில்லை என்பதே அதன் பொருள். ஆய்வகத்துக்கு வரும் வழியில் ரத்தம் குளிர்ந்துபோனாலும், நோயாளி அதிக அளவு ஸ்டீராய்டில் இருந்தாலும் இப்படி ஆகும்.

இதே இரண்டு புரதங்களைத் தோலில் செலுத்தும் சை-டி.பி. சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றது. மாண்டோ போலவே 0.1 மி.லி., 48 முதல் 72 மணி நேரம், 5 மி.மீ. போதும். இன்குபேட்டர் வேண்டாம் என்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதுவே தோது.

மூன்றுமே தொற்றின் நினைவை மட்டும் அளக்கின்றன. இருமலும் காய்ச்சலுமாக வருபவருக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க இக்ரா எழுதிக்கொடுப்பது வீண் செலவு. சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் அல்லது சிபிநாட் இயந்திரத்தில் பார்ப்பதே முறை. காசநோய்க்கான ஆன்டிபாடி ரத்தச் சோதனைகளோ இன்னும் மோசம். அவற்றின் விற்பனையை இந்திய அரசு 2012இல் தடை செய்துவிட்டது. தொற்று உள்ளவர்களில் வாழ்நாளில் நோயாளியாவோர் 5 முதல் 10 சதவீதம். அதிலும் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நடக்கிறது. பத்தில் ஒன்பது பேர் ஏன் தப்பிக்கிறார்கள் என்பதை எந்த எண்ணும் சொல்வதில்லை.

நுரையீரலில் நடப்பது

1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துளிதான் காற்றறை வரை போகும். அங்கே காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் கிருமியை விழுங்குகிறது. வழக்கமாக விழுங்கியதும் அபாயச் சங்கு ஊத வேண்டிய செல் இது. எலிகளில் 2018, 2019 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் வேறு மாதிரிக் காட்டின: காற்றறை மேக்ரோஃபேஜ் முதலில் செய்வது தன்னைக் காத்துக்கொள்ளும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு வேலை, அழற்சியைக் கூப்பிடுவது அல்ல. தூசியும் புகையும் நாள் முழுதும் வந்து விழும் இடத்தில் எல்லாவற்றுக்கும் கொதிக்காமலிருப்பது அதன் இயல்பு. அந்த அமைதியில் கிருமி பெருகி, செல்லின் உட்பையைத் துளைத்து, நுரையீரல் திசுவுக்குள் நகர்கிறது. அதன் பிறகே செய்தி நிணநீர்க் கணுவுக்குப் போய், டி செல்கள் பெருகித் திரும்ப வேண்டும். எலியில் இதற்கே இரண்டு வாரம் ஆகும். மனிதரில் இன்னும் அதிகம். டி செல்கள் வந்து சேரும்போது கிருமி ஏற்கெனவே குடியேறியிருக்கிறது.

பிறகு கிரானுலோமா உருவாகிறது. நடுவில் கிருமியும் செத்த திசுவும், சுற்றிலும் மேக்ரோஃபேஜ்கள், வெளியே டி செல்களும் பி செல்களும். இதைக் கிருமியை அடைத்துவைத்த சிறை என்று பாடநூல்கள் எழுதிவந்தன. பிட்ஸ்பர்க்கில் ஜோன் ஃப்ளின் குழு குரங்குகளில் ஒவ்வொரு கிரானுலோமாவையும் பெட்-சிடி ஸ்கேன் மூலம் தனித்தனியே தொடர்ந்து பார்த்து, 2014இல் வெளியிட்ட முடிவு அந்தப் படத்தைக் குலைத்தது. ஒவ்வொரு கிரானுலோமாவும் பெரும்பாலும் ஒற்றைக் கிருமியிலிருந்து தொடங்குகிறது. ஒரே குரங்கின் ஒரே நுரையீரலில் ஒன்று கிருமியற்றுச் சுத்தமாகிறது, பக்கத்தில் உள்ளது பெருகிச் சிதைகிறது. நோய் முற்றிய குரங்கிலும் சுத்தமான கிரானுலோமாக்கள் இருந்தன. ஆகவே இந்த ஆளின் எதிர்ப்பாற்றல் நல்லது, அந்த ஆளுடையது மோசம் என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. போர் இடத்துக்கு இடம் வேறு. அந்தக் குழுவே இன்னொன்றையும் கண்டது: கிரானுலோமாவுக்குள் உள்ள டி செல்களில் ஏதாவதொரு சைட்டோகைனை (இன்டர்ஃபெரான் காமா போன்ற செய்திப் புரதத்தை) சுரப்பவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. கையிலெடுத்த ரத்தத்தை வைத்து இக்ரா காட்டும் எண், அந்த இடத்தில் நடப்பதைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

எதிர்ப்பு கூடினால் நல்லது என்ற எண்ணம், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தின் விஷயத்தில் முற்றாக உடைகிறது. முடக்குவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் அந்தப் புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து வந்த சில ஆண்டுகளிலேயே, 2001இல், அதைப் போட்டபின் காசநோய் வந்த 70 பேரின் விவரம் வெளியானது. பாதிப் பேருக்கு முதல் 12 வாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே. டி.என்.எஃப்.ஐத் தடுத்தால் பழைய கிருமி எழுந்துவிடுகிறது. 2024இல் கொலம்பியாவைச் சேர்ந்த இரண்டு உறவினர்களைப் பற்றிய ஆய்வு இதை இன்னும் நுணுக்கமாக்கியது. பிறப்பிலேயே டி.என்.எஃப். சுத்தமாக இல்லாதவர்கள், மற்றபடி பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள், திரும்பத் திரும்ப வந்தது நுரையீரல் காசநோய் மட்டுமே. காற்றறை மேக்ரோஃபேஜ் கிருமியை எரிக்கத் தேவையான ஆக்சிஜன் வேதிப்பொருளை உண்டாக்க டி.என்.எஃப். வேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. கேம்பிரிட்ஜில் லலிதா ராமகிருஷ்ணனின் ஆய்வகம் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் காட்டியது: டி.என்.எஃப். அளவுக்கு மீறினால் மேக்ரோஃபேஜின் மைட்டோகாண்ட்ரியா வெறிபிடித்து, முதலில் கிருமி சற்றுக் குறைகிறது, பிறகு செல்லே வெடிக்கிறது. வெளியே சிதறிய கிருமிகள் தடையின்றி வளர்கின்றன. மூளை உறைக் காசநோயில் இதன் விலை உயிர். வியட்நாமில் 545 நோயாளிகளிடம் 2004இல் நடந்த சோதனையில் காசநோய் மருந்தோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தபோது இறப்பு 41.3 சதவீதத்திலிருந்து 31.8 ஆகக் குறைந்தது. எதிர்ப்பாற்றலை அடக்கியதால் பிழைத்தவர்கள் அவர்கள்.

இன்டர்ஃபெரான் காமாவும் அப்படியே. அதன் ஏற்பி இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குச் சாதுவான பி.சி.ஜி.யே உடல் முழுதும் பரவிக் கொல்லும் என்பது 1996இல் தெரிந்தது. அதற்காக அது கூடக் கூட நல்லது என்று ஆகிவிடாது. டி செல்களுக்குத் தடைபோடும் பி.டி-1 என்ற புரதம் இல்லாத எலிகள் காசநோயில் மற்ற எலிகளைவிட விரைவாகச் சாகின்றன. அவற்றின் டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவை வாரி இறைக்கின்றன. புற்றுநோய்க்கு பி.டி-1 தடுப்பு மருந்து பெற்ற சிலருக்குக் காசநோய் கிளம்பியதை 2019இல் மனிதரிலும் பார்த்தார்கள்.

சென்னைக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து சுபாஷ் பாபு குழுவினர் 2013 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், சர்க்கரை நோயும் நுரையீரல் காசநோயும் சேர்ந்தவர்களின் ரத்தத்தில் கிருமிக்கு எதிரான டி செல்களும் அவற்றின் சைட்டோகைன்களும் குறையவில்லை, கூடியிருந்தன. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. வந்தால் கடுமையும் அதிகம். எதிர்ப்பு குறைந்ததால் நோய் என்ற வழக்கமான விளக்கம் இங்கே செல்லாது. உடல் எடை குறைந்தவர்களிடம் அதே குழு எதிர்ப்படம் பார்த்தது: சைட்டோகைன்கள் மங்கியிருந்தன. இரண்டு வழியிலும் ஒரே நோய்.

கிருமியின் பக்கமிருந்து பார்த்தால் இது இன்னும் விசித்திரம். பொதுவாகக் கிருமிகள் நம் எதிர்ப்பாற்றல் அடையாளம் காணும் துண்டுகளை மாற்றி மாற்றித் தப்பிக்கும். ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் செய்வது அதுதான். காசநோய்க் கிருமியில் டி செல்கள் அடையாளம் காணும் துண்டுகளே மரபணுவில் மிகக் குறைவாக மாறிய பகுதிகள் என்று 2010இல் தெரிந்தது. தன்னைப் பார்க்கச் சொல்லி முகம் காட்டுகிறது கிருமி. காரணம் ஊகிக்கக்கூடியதே: நுரையீரலில் குழிவு விழுந்தால்தான் கோடிக்கணக்கான கிருமிகள் மூச்சுக்குழாயில் இறங்கி அடுத்தவரிடம் போக முடியும். அந்தக் குழிவைத் தோண்டுவது கிருமியின் நஞ்சு அல்ல. நம் செல்கள் சுரக்கும் கொலாஜன் அரிக்கும் நொதிகள். சி.டி.4 வகை டி செல்கள் மிகக் குறைந்த எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் குழிவு குறைவு, சளியில் கிருமியும் குறைவு. அவர்களுக்கு எக்ஸ்ரேயையும் சளி நுண்ணோக்கியையும் மட்டும் நம்பினால் நோய் தவறிப்போவதற்கு இதுவே காரணம்.

சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் கழுத்துக் கட்டி பெரிதானால், காய்ச்சல் திரும்பினால், மருந்து வேலை செய்யவில்லை என்று பதறுவதும் இதே இடத்தில் நடக்கும் பிழை. செத்த கிருமிகளுக்கு எதிராக மீண்டெழும் எதிர்வினையாகவும் அது இருக்கலாம், எச்.ஐ.வி. மருந்து தொடங்கியவர்களிடம் மிகச் சாதாரணம். மருந்து எதிர்ப்புக் கிருமி இல்லை என்று சோதித்துவிட்டு, அதே மருந்தைத் தொடர்வதே முறை.

அப்படியானால் எதை அளப்பது?

உகாண்டாவில் நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தும் ஆண்டுக்கணக்கில் மாண்டோ, இக்ரா இரண்டும் நெகட்டிவாகவே இருந்தவர்களை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்கள் உடல் கிருமியைச் சந்திக்காமல் இல்லை. காசநோய்ப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருந்தன. இன்டர்ஃபெரான் காமா சுரக்காத டி செல்கள் இருந்தன. நம் சோதனைகள் தேடும் பொருளை மட்டும் அவர்கள் உடல் தரவில்லை. அவர்கள்தான் நன்றாகக் காக்கப்பட்டவர்களா? இருக்கலாம். ஒருவேளை நாம் நாற்பது ஆண்டுகளாகத் தவறான மூலக்கூறைத் துரத்திக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சந்தேகத்துக்கு 2013இல் ஒரு கடினமான ஆதாரம் கிடைத்தது. எம்.வி.ஏ.85ஏ என்ற தடுப்பூசி, பி.சி.ஜி. போட்ட குழந்தைகளுக்கு மேலே கூடுதலாகப் போட வடிவமைக்கப்பட்டது. இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் டி செல்களை அது கூட்டியது. தென்னாப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளிடம் சோதித்தபோது பாதுகாப்பு 17.3 சதவீதம், புள்ளியியல் கணக்கில் பூஜ்யத்திலிருந்து பிரிக்க முடியாத எண். செங்கல்பட்டின் கதை இன்னொரு முறை, இன்னும் துல்லியமான கருவிகளோடு.

ரத்தத்தில் 16 மரபணுக்களின் செயல்பாட்டைப் பார்த்து, நோய் வெளிப்படுவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்கூட்டியே சொல்லலாம் என்று 2016இல் நம்பிக்கை பிறந்தது. பெரும்பாலும், காமாவிலிருந்து வேறுபட்ட முதல் வகை இன்டர்ஃபெரானின் தடம் அது. காக்கும் எதிர்ப்பின் அடையாளம் அல்ல, தோற்கத் தொடங்கிவிட்ட எதிர்ப்பின் அடையாளம். அதிலிருந்து சுருக்கிய 11 மரபணு வடிவை வைத்துத் தேர்ந்தவர்களுக்கு மூன்று மாதத் தடுப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனை 2021இல் வெளியானது. நோய் குறையவில்லை. அந்த அடையாளம் தெரியும் வேளையில் பலருக்கு நோய் ஏற்கெனவே தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

நம்பிக்கை தருவது 2020இல் வந்த குரங்குச் சோதனை. அதே நூற்றாண்டுப் பழைய பி.சி.ஜி.யைத் தோலில் போடாமல் ரத்த நாளம் வழியே, நூறு மடங்கு அளவில் செலுத்தினார்கள். பத்துக் குரங்குகளில் ஒன்பது காக்கப்பட்டன. ஆறில் தொற்றின் சுவடே கிடைக்கவில்லை. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் டி செல்கள் நிறைந்திருந்தன. பின்னர் சி.டி.4 செல்களை நீக்கிப் பார்த்தபோது பெரும்பாலான குரங்குகளில் காப்பும் போனது. இங்கே ஊசிமருந்து மாறவில்லை. அளவும் வழியும் மாறின, டி செல்கள் கிருமி வரும் முன்பே வந்து காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருந்தன. மனிதருக்கு உயிருள்ள கிருமியை ரத்த நாளத்தில் ஏற்றுவது நடைமுறையில் எளிதல்ல. ஆனால் எங்கே, எப்போது என்ற கேள்வி எவ்வளவு என்பதைவிடப் பெரிது என்று அது நிறுவிவிட்டது.

இதை மனதில் வைத்துத்தான் 2024இல் இந்தியாவின் பல மாநிலங்களில் தொடங்கிய பெரியவர்களுக்கான பி.சி.ஜி. முயற்சியைப் பார்க்க வேண்டும். 60 வயது கடந்தோர், சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள், எடை குறைந்தவர்கள், அண்மையில் காசநோய் வந்து குணமானவர்கள், நோயாளியோடு வாழ்ந்தவர்கள் ஆகியோருக்குத் தோலிலேயே, பழைய முறையிலேயே ஊசி. செங்கல்பட்டுப் பெரியவர்களிடம் பூஜ்யம் காட்டிய ஏற்பாடு இது. தென்னாப்பிரிக்காவில் மறு பி.சி.ஜி. நீடித்த தொற்றை 45 சதவீதம் குறைத்ததாக 2018இல் வந்த முடிவுதான் இப்படிப்பட்ட திட்டங்களுக்குத் தெம்பு கொடுத்தது. அதே கேள்வியைப் பெரிதாகக் கேட்ட சோதனை 2025இல் பாதுகாப்பு எதுவும் இல்லை என்று முடிந்தது. ஆய்வாக நடத்தி எண்ணைப் பார்ப்பதில் தவறில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் இனி கவலையில்லை என்று சொல்லி அனுப்புவதுதான் தவறு.

ஒப்பிட, ஜார்கண்டில் உணவு கொடுத்துப் பார்த்த ரேஷன்ஸ் சோதனை. 2,800 நோயாளிகளின் வீடுகளைச் சேர்ந்த 10,345 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதி வீடுகளில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே நுண்ணூட்ட மாத்திரை. 2023இல் வந்த முடிவில் அந்த வீடுகளில் காசநோய் 39 சதவீதமும், சளியில் கிருமி உறுதியான வகை 48 சதவீதமும் குறைந்திருந்தது. எந்த டி செல்லையும் எண்ணாமல் கிடைத்த எண்கள். பி.சி.ஜி.க்குப் பின் வந்த எந்தத் தடுப்பூசியும் மனிதரில் இதுவரை இதைவிடத் தெளிவாக மேலே போனதில்லை.

நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவருக்கு இன்று செய்ய வேண்டியது சிக்கலில்லை. முதலில் நோய் இல்லை என்று அறிகுறியாலும் எக்ஸ்ரேயாலும் உறுதி செய்ய வேண்டும். நோய் இருக்கும்போது தடுப்பு அளவு மருந்து கொடுத்தால் மருந்து எதிர்ப்புக் கிருமி உருவாகும். பிறகு ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும் வாரம் ஒரு முறை, 12 வேளை. அல்லது ஐசோனியாசிட் மட்டும் ஆறு மாதம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தோல் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டி.என்.எஃப். தடுப்பு மருந்து தொடங்கப்போகிறவருக்கு இக்ராவை அந்த மருந்துக்கும் ஸ்டீராய்டுக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். பாசிட்டிவ் என்றால் தடுப்பு மாத்திரை தொடங்கி குறைந்தது ஒரு மாதம் கழித்தே ஊசி.

அடுத்து வரவேண்டியது எம்72. காசநோய்க் கிருமியின் இரண்டு புரதங்களை ஒட்டிச் செய்த தடுப்பூசி. எதிர்வினையைத் தூண்ட, அக்கி ஊசியில் உள்ள அதே குடும்பத் துணைப்பொருள் சேர்த்தது. கென்யா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்காவில் இக்ரா பாசிட்டிவான பெரியவர்களிடம் மூன்றாண்டில் 49.7 சதவீதப் பாதுகாப்பு தந்தது. ஊசி பெற்றவர்களில் 13 பேருக்கும் பெறாதவர்களில் 26 பேருக்கும் நோய். எண்ணிக்கை சிறியது. சுமார் 20,000 பேரோடு மூன்றாம் கட்டம் 2024இல் தொடங்கியது. இந்தியாவில் மையம் இல்லை. மொத்த முடிவு வெளியாகும் நாளில் நம் ஊருக்கு அதைப் பொருத்திப் பார்ப்பவர்கள், ஆப்பிரிக்க மையங்களின் எண்ணை ஒருபுறம் வைத்துவிட்டு இந்தோனேசிய மையங்களின் எண்ணைத் தனியே பிரித்துக் கேட்க வேண்டும். வெப்பமண்டல மண்ணும், அதில் உள்ள உறவுக் கிருமிகளும், முதல் மரபுவழிக் காசநோயும் கலந்திருக்கும் வகையில் திருவள்ளூருக்கு நெருக்கமானவை அவை.